5 லட்சம் முதலை வைத்து 48 ரூபாப் பங்கு: எத்தனை வாங்குவது?

கனகராயன்கரை (கிளிநொச்சி)

வணக்கம். கொழும்புப் பங்குச் சந்தையில் ஒரு பங்கு வாங்க இருக்கிறன். எத்தனை வாங்குவது என்பதில்தான் குழப்பம். கணக்குத் தெரிந்தவர்கள் திருத்தி விடுங்கோ.

பங்கு வியாபாரத்துக்கென்று ஒதுக்கிய முதல் 500,000 ரூபா. பங்கின் விலை 48.00. 44.50க்குக் கீழே போனால் என் எண்ணம் பிழை என்று வைத்து விற்றுவிடுவன். மேலே 55.00 வரை எதிர்பார்க்கிறன். கடந்த 20 நாளில் சராசரியாக நாளுக்கு 6,000 பங்கு கைமாறியிருக்கு.

எல்லோரும் "ஒரு வியாபாரத்தில் 1 வீதம்தான் றிஸ்க்" என்று சொல்லுகினம். அதை இரண்டு விதமாகக் கேள்விப்பட்டன். ஒருவர் 5,000 ரூபாவுக்குப் பங்கு வாங்கச் சொல்லுறார், அப்படியென்றால் 104 பங்கு. மற்றவர் 5,000ஐ 3.50ஆல் பிரிக்கச் சொல்லுறார், அது 1,428 பங்கு. ஒன்றுக்கும் மற்றதுக்கும் 13 மடங்கு வித்தியாசம். எது சரி?

இன்னுமொன்று. ஸ்டொப்பை (எண்ணம் பிழை என்று விற்று வெளியேறும் விலையை) 47.00க்குக் கிட்டக் கொண்டு வந்தால் அதே 5,000 றிஸ்க்கில் 5,000 பங்கு வாங்கலாமே. அதில் என்ன பிழை?

---

கணக்குப்பிள்ளை (வவுனியா)

முதலாமவர் சொன்னது றிஸ்க் இல்லை, முதலீட்டுத் தொகை. 104 பங்கு வாங்கி 44.50இல் விற்றால் விலை வித்தியாசத்தில் போவது 364 ரூபா. 5 லட்சத்தில் அது 0.07 வீதம். நட்டம் வந்தாலும் தெரியாது, லாபம் வந்தாலும் தெரியாது. றிஸ்க் என்றால் எண்ணம் பிழைத்து வெளியே வரும்போது கையை விட்டுப் போகும் காசு. இரண்டாமவர் சொன்ன வழிதான் சரி, ஆனால் அவர் ஒரு சங்கதியை விட்டுவிட்டார். நம் சந்தையில் அதை விட்டால் கணக்கே பிழைக்கும்.

கட்டணத்தைச் சொல்லுறன். 10 கோடி ரூபாவுக்குட்பட்ட கொடுக்கல் வாங்கலுக்கு ஒரு பக்கத்துக்கு 1.12 வீதம். தரகு 0.640, பங்குச் சந்தைக் கட்டணம் 0.084, பங்குகளைக் கணக்கில் வைத்திருக்கிற சி.டி.எஸ்ஸுக்கு 0.024, பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுவின் கட்டணம் 0.072, அரசின் பங்குப் பரிவர்த்தனை வரி 0.300. வாங்கும்போதும் கட்ட வேணும், விற்கும்போதும் கட்ட வேணும். தரகர் அனுப்பும் கொன்ட்ராக்ட் நோட்டில் வரி வரியாக இருக்கும், பாருங்கோ.

உங்கள் பங்குக்கு அதைப் போட்டால்:

வாங்கும் கட்டணம், 48.00இல் 1.12 வீதம் = 0.54
விற்கும் கட்டணம், 44.50இல் 1.12 வீதம் = 0.50
விலை வித்தியாசம் = 3.50
ஒரு பங்குக்கு உண்மையான நட்டம் = 4.54 அளவில்

5,000ஐ 4.54ஆல் பிரித்தால் 1,101. வட்டமாக 1,100 பங்கு. 1,428 வாங்கியிருந்தால் ஸ்டொப் அடிபடும்போது 6,480 ரூபா அளவில் போயிருக்கும். 1 வீதம் என்று நினைத்து 1.3 வீதம் கொடுத்திருப்பீர்கள்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. ஸ்டொப்பை 47க்கு இறுக்கினால் விலை வித்தியாசம் 1.00, கட்டணம் இரு பக்கமும் 1.06. அதாவது கட்டணம் உங்கள் ஸ்டொப்பை விடப் பெரிது. 5,000 பங்கு வாங்கி 47இல் விற்றால் போவது 5,000 இல்லை, 10,320. அதுக்கு மேலே, 2,40,000 ரூபா ஒரே பங்கில் முடங்கியிருக்கும். கட்டணத்தைச் சேர்த்துச் சரியாகக் கணக்கிட்டாலும் 2,422 பங்கு வரும், ஆனால் அப்பவும் பிழை பிழைதான். இந்தப் பங்கு சாதாரண நாளிலேயே ஒரு ரூபா அசையுதென்றால், ஒரு காரணமும் இல்லாமல் அந்த ஸ்டொப் அடிபடும். ஸ்டொப் எங்கே என்பதைப் பங்கின் நடத்தைதான் சொல்ல வேணும். "கூட வாங்க ஆசை" என்பது அதைச் சொல்லக் கூடாது.

எங்கட குளத்துக்குக் கீழே சிறுபோகம் வைக்கிற ஆட்களுக்கு இது புதுசில்லை. பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் முதலில் குளத்தில் எத்தனை அடி தண்ணி என்று பார்த்து, பிறகுதான் எத்தனை ஏக்கர் என்று முடிவெடுக்கினம். காணி இருக்கிறதென்று முழுக்க விதைத்தால் கடைசி நனைப்புக்குத் தண்ணி இல்லாமல் எல்லாமே கருகும். ஸ்டொப்பும் றிஸ்க் தொகையும் முதலில், பங்கின் எண்ணிக்கை கடைசியில்.

ஒரு எக்செல் சீற்றில் ஐந்து கட்டம் போதும்: முதல், றிஸ்க் வீதம், வாங்கும் விலை, ஸ்டொப் விலை, கட்டண வீதம். ஆறாவது கட்டத்தில் விடை. முதலை றிஸ்க் வீதத்தால் பெருக்கி, பிறகு (வாங்கும் விலை கழித்தல் ஸ்டொப் விலை) கூட்டல் (இரண்டு விலையையும் கூட்டிக் கட்டண வீதத்தால் பெருக்கியது) என்பதால் பிரியுங்கோ. எப்பவும் கீழ்ப்பக்கமாக வட்டமாக்குங்கோ.

---

மாங்குளம் சந்தி

கணக்குப்பிள்ளையின் கணக்கில் பிழை இல்லை. ஆனால் 1,100 என்பது 44.50இல் உங்களிடமிருந்து வாங்க ஆள் நிற்கும் என்று நம்பிப் போட்ட எண்.

நாளுக்கு 6,000 பங்குதான் கைமாறுதென்றால் 1,100 என்பது ஒரு நாளின் வியாபாரத்தில் 18 வீதம். விழுகிற நாளில் வாங்குவோர் வரிசை இன்னும் மெலியும். உதாரணத்துக்கு, விலை 44.50ஐத் தொட்ட நேரத்தில் வரிசை இப்படி இருக்கலாம்:

44.50இல் 200
44.40இல் 150
44.00இல் 500
43.10இல் 1,000

1,100ஐயும் ஒரேயடியாகத் தள்ளினால் முதல் மூன்று படியும் காலியாகி, மிச்ச 250 பங்கு 43.10இல் போகும். கையில் வருவது 48,335. சராசரி 43.94. நீங்கள் எதிர்பார்த்தது 48,950. அந்த 615 ரூபா உங்கள் சீற்றில் எங்கேயும் இல்லை. இது ஓரளவு நல்ல வரிசை. 44.00க்குக் கீழே அடுத்த ஆள் 41இல் நிற்கிற பங்குகளும் நம் சந்தையில் தாராளம்.

நான் வைக்கிற எல்லை: கடந்த 20 நாள் சராசரி அளவில் 10 வீதத்துக்கு மேல் எடுக்கிறதில்லை. உங்கள் பங்குக்கு 600. சராசரி எடுக்கும்போது பெரிய கைமாற்று நடந்த ஓரிரு நாளைத் தள்ளிவிட்டுப் பாருங்கோ. ஒரு நாள் 80,000 கைமாறி, மிச்ச நாளெல்லாம் 2,000 என்றால் 20 நாள் சராசரி 5,900 என்று காட்டும், உண்மையான நிலை 2,000தான். சராசரியை விட நடுமதிப்பு (நாட்களின் அளவைச் சிறிதிலிருந்து பெரிதாக அடுக்கினால் நடுவில் வருவது) நல்லது.

ஆக றிஸ்க் கணக்கு 1,100 என்குது, சந்தை 600 என்குது. சின்னதுதான் விடை. 600 பங்கு ஸ்டொப்பில் போனால் 2,720 அளவில் நட்டம், 0.54 வீதம். "1 வீதத்தை முழுசாகப் பயன்படுத்தேல்லையே" என்று கவலைப்படத் தேவையில்லை. 1 வீதம் மேல் எல்லை, எட்டியே ஆக வேண்டிய இலக்கு இல்லை.

---

நெடுங்கேணிக்காரன்

44.50 எப்படி வந்தது என்று கேள்வி கேட்டவர் சொல்லேல்லை. கடைசித் தாழ்வுக்குக் கீழே வைத்ததென்றால் சரி. "7 வீதம் குறைந்தால் விற்பன்" மாதிரியான யோசனையென்றால் மாற்றிக்கொள்ளுங்கோ. ஒரு பங்குக்கு 7 வீதம் இரண்டு நாள் அசைவு, இன்னொன்றுக்கு இரண்டு மாத அசைவு.

அதுக்குத்தான் ஏ.டி.ஆர் இருக்கு, சராசரி உண்மை அசைவு. வெல்ஸ் வைல்டர் 1978இல் கொடுத்த அளவு. ஒரு நாளுக்கு மூன்று எண் எடுங்கோ: அன்றைய உயர்வு தாழ்வு வித்தியாசம், அன்றைய உயர்வுக்கும் முந்தின நாள் முடிவு விலைக்கும் வித்தியாசம், அன்றைய தாழ்வுக்கும் முந்தின நாள் முடிவு விலைக்கும் வித்தியாசம். மூன்றில் பெரிதுதான் அன்றைய உண்மை அசைவு. முதல் 14 நாளுக்குச் சாதாரண சராசரி. அதுக்குப் பிறகு நேற்றைய ஏ.டி.ஆரை 13ஆல் பெருக்கி, இன்றைய அசைவைக் கூட்டி, 14ஆல் பிரிக்கிறது.

ஏ.டி.ஆர் 1.60 என்று வைப்பம். இரண்டு மடங்கு 3.20, ஸ்டொப் 44.80. கட்டணத்தோடு ஒரு பங்குக்கு நட்டம் 4.24, 5,000க்கு 1,179 பங்கு. கணக்குப்பிள்ளையின் எண்ணுக்குக் கிட்டத்தான் வருது. அதனால் 44.50 நியாயமான இடம் என்று எடுக்கலாம்.

ஆனால் கைமாறும் அளவு குறைந்த பங்கில் ஏ.டி.ஆர் பொய் சொல்லும், கவனம். வியாபாரமே நடக்காத நாளில் உண்மை அசைவு பூச்சியம். 14 நாளில் 5 நாள் அப்படிப் போனால், மிச்ச 9 நாளும் சராசரி 1.60 அசைந்திருந்தாலும் ஏ.டி.ஆர் 1.03 என்று காட்டும். அதை நம்பி இரண்டு மடங்கில் ஸ்டொப் வைத்தால் 1,600 பங்கு வாங்கச் சொல்லும். எந்தப் பங்கில் குறைய வாங்க வேணுமோ, அதில்தான் கூட வாங்கச் சொல்லுது. வியாபாரம் நடந்த நாளை மட்டும் எடுத்துக் கணக்குப் போடுங்கோ. சார்ட் அப் தானாக அதைச் செய்யாது.

இணையத்தில் "ஆமைகள்" முறை என்று ஒன்று சுற்றும். 1983இல் சிக்காகோவில் ரிச்சர்ட் டெனிஸ் பயிற்றின குழுவின் முறை. முதலின் 1 வீதத்தை 20 நாள் சராசரி அசைவால் பிரித்தால் ஒரு அலகு, அதாவது ஒரு தரம் வாங்கும் அளவு. இங்கே போட்டால் 5,000ஐ 1.60ஆல் பிரித்து 3,125 பங்கு, 1,50,000 ரூபா. அவர்களின் ஸ்டொப் இரண்டு அசைவு தூரத்தில், அதனால் ஒரு அலகில் றிஸ்க் 2 வீதம். அது கட்டணம் மிகக் குறைந்த, கைமாறும் அளவு மிகக் கூடிய ஃபியூச்சர்ஸ் (பின்னொரு நாளுக்கான விலையை இப்போதே ஒப்பந்தம் செய்கிற) சந்தைக்குச் செய்தது. 6,000 பங்கு கைமாறுகிற இடத்துக்கு அதை அப்படியே தூக்கி வராதேங்கோ.

---

கனகராயன்கரை

மிக்க நன்றி. 44.50 கடைசித் தாழ்வான 44.90க்குக் கீழே வைத்ததுதான்.

முதலில் எத்தனை வீதத்தை றிஸ்க் எடுக்கலாம் என்று சொல்லுகிற கெல்லி சூத்திரம் என்று ஒன்றையும் பார்த்தன். வெல்லும் வாய்ப்பு 45 வீதம், லாபம் நட்டத்தைப் போல் இரு மடங்கு (7.00க்கு 3.50) என்று போட்டால் 17.5 வீதம் வருது. 5 லட்சத்தில் 87,500 றிஸ்க்கா? நீங்கள் சொல்லும் 5,000க்குக் கிட்டவும் இல்லையே.

---

கணக்குப்பிள்ளை (வவுனியா)

சூத்திரம் சரி. 1956இல் பெல் ஆய்வுகூடத்தில் ஜோன் கெல்லி எழுதினது: வெல்லும் வாய்ப்பு, கழித்தல், தோற்கும் வாய்ப்பை லாப நட்ட விகிதத்தால் பிரித்தது. 0.45 கழித்தல் 0.275, விடை 0.175. நீங்கள் உள்ளே போட்ட "இரு மடங்கு" தான் பிழை.

55இல் விற்றால் 7.00 கைக்கு வராது. வாங்கும் கட்டணம் 0.54, விற்கும் கட்டணம் 0.62. மிஞ்சுவது 5.85. மறுபக்கம் நட்டம் 3.50 இல்லை, 4.54. 5.85ஐ 4.54ஆல் பிரித்தால் 1.29. இரு மடங்கு என்று நினைத்தது கட்டணத்துக்குப் பிறகு ஒன்றே காலுக்குச் சற்று மேல்!

இப்போது கெல்லியில் போடுங்கோ. 0.55ஐ 1.29ஆல் பிரித்தால் 0.427. 0.45 கழித்தல் 0.427, விடை 0.023. 17.5 வீதம் 2.3 வீதமாகச் சுருங்கிவிட்டது. அந்த 45 வீத வாய்ப்பு நீங்கள் ஊகித்தது. உண்மையில் 43 வீதமென்றால் விடை பூச்சியத்துக்குக் கீழே போகும், அதாவது இந்த வியாபாரமே வேண்டாம் என்று சூத்திரம் சொல்லுது. ஊகத்தில் இரண்டு வீதம் பிசகினால் தலைகீழாகிற சூத்திரத்தை வைத்து முதலை ஒதுக்கக் கூடாது. கெல்லியை நம்புகிறவர்களும் அதில் பாதி, கால்வாசிதான் எடுப்பினம். பாதி எடுத்தால் நாம் கதைக்கிற 1 வீதத்துக்குக் கிட்ட வந்து நிற்கும்.

பங்கு எண்ணிக்கையை விட இந்த இடம்தான் உங்கள் கேள்வியில் முக்கியம் என்று எனக்குப் படுகுது. கட்டணத்துக்குப் பிறகும் உண்மையான இரு மடங்கு வேணுமென்றால் இலக்கு 58.30 அளவில் இருக்க வேணும். வெறுமனே போட்ட காசு திரும்பி வரவே விலை 49.10 ஆக வேணும். சார்ட்டில் 55க்கு மேலே போக இடமிருக்கா என்று திரும்பவும் பாருங்கோ. இல்லையென்றால் 600ம் இல்லை, 104ம் இல்லை, வாங்காமல் விடுவதுதான் சரியான அளவு.

ஏன் 1 வீதம் என்று கேட்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்லுறன். 45 வீதம் வெல்லுகிற முறையில் 200 வியாபாரம் செய்தால் எங்கேயாவது ஒரு இடத்தில் 7 அல்லது 8 நட்டம் தொடர்ந்து வருவது சாதாரணம். 10 தொடர் நட்டம் என்று வைப்பம். ஒவ்வொன்றிலும் 1 வீதம் போனால் முதல் தொகை 9.6 வீதம் குறையும். 2 வீதமென்றால் 18.3. 5 வீதமென்றால் 40. 10 வீதமென்றால் 65 வீதம் போய்விடும், அதிலிருந்து பழைய இடத்துக்கு வர 187 வீதம் லாபம் வேணும்.

---

முல்லைக்கரை

விழுந்தால் இன்னும் கொஞ்சம் வாங்கிச் சராசரியைக் குறைக்கிற பழக்கம் நம்மாட்களிடம் நிறைய. அதை ஒருவரும் தொடேல்லை, அதால் சொல்லுறன்.

48இல் 1,100 எடுத்து, 46க்கு வந்ததும் இன்னொரு 1,100 எடுத்தால்: முதல் தொகுதியின் நட்டம் 4,990, இரண்டாவதில் ஒரு பங்குக்கு 1.50ம் கட்டணம் 1.01ம், ஆக 2,765. மொத்தம் 7,755, அதாவது 1.55 வீதம். சராசரி விலை குறைந்ததென்று சந்தோசப்படலாம், றிஸ்க் கூடியிருக்கு. அதோடு பெரும்பாலான ஆட்கள் இரண்டாவது முறை வாங்கினதும் ஸ்டொப்பையும் கீழே இறக்கிவிடுகினம். பிறகு கணக்கு என்று ஒன்று இல்லை.

இரண்டு தரமாக வாங்கத்தான் வேணுமென்றால் தொடக்கத்திலேயே பிரியுங்கோ. முதல் தொகுதிக்கு 4.54, இரண்டாவதுக்கு 2.51, கூட்டினால் 7.05. 5,000ஐ 7.05ஆல் பிரித்தால் 709. தலா 700. மாங்குளத்தார் சொன்ன அளவு எல்லையையும் போட்டால் தலா 300. 46க்கு வராமல் ஏறினால் பாதிதான் கையில் இருக்கும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அடுத்தது, திறந்திருக்கிற எல்லா வியாபாரத்தினதும் றிஸ்க்கைக் கூட்டிப் பாருங்கோ. ஐந்து பங்கில் தலா 1 வீதமென்றால் 5. நான் 5க்கு மேல் போக வேண்டாம் என்பன். கொமர்ஷல் வங்கி, சம்பத் வங்கி, ஹட்டன் நஷனல் வங்கி மூன்றையும் தலா 1 வீதத்தில் எடுத்துவிட்டு "மூன்று பங்கில் பிரித்திருக்கிறன்" என்று சொல்லாதேங்கோ. வட்டி வீதத்திலோ அரச கடனிலோ ஒரு செய்தி வந்தால் மூன்றும் ஒன்றாக அசையும். அது 3 வீதத்தில் எடுத்த ஒரே வியாபாரம்.

முதல் சின்னனாக இருக்கிறவர்களுக்கு: 50,000 என்றால் 1 வீதம் 500 ரூபா, 110 பங்கு. நம் சந்தையில் ஒரு பங்கிலிருந்தே வாங்கலாம், கட்டணமும் வீதக் கணக்குத்தான், அதால் சின்ன முதலுக்கும் இதே சூத்திரம் செல்லும். "முதல் சின்னன், அதால் 10 வீதம் எடுப்பம்" என்பதுக்குக் காரணம் இல்லை.

---

பூநகரி மேற்கு

ஸ்டொப் இருந்தும் பிழைக்கிற ஒரு இடம் பாக்கி. சந்தை பூட்டியிருக்கும்போது ஸ்டொப் வேலை செய்யாது.

இரவில் செய்தி வந்து காலை 9.30க்கு விலை 41இல் திறந்தால் 44.50 என்ற விலை வரவே வராது. அதை விடப் பெரிய இடைவெளியும் வந்திருக்கு. 2020 மார்ச் 20 தொடக்கம் மே 11 வரை கொழும்புச் சந்தை பூட்டியிருந்தது. 2022 ஏப்ரல் 18 முதல் ஒரு கிழமை பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழு சந்தையை மூடினது, 25ஆம் திகதி திறந்த அன்றே சுட்டெண் சரிந்து வர்த்தகத்தை நிறுத்த வேண்டி வந்தது. அப்படி நாளில் விற்க நினைத்தாலும் ஓடர் போகாது.

அதால் றிஸ்க் எல்லையோடு சேர்த்துத் தொகை எல்லையும் வேணும். ஒரு பங்கில் முதலின் 15 வீதத்துக்கு மேல் போடாதேங்கோ. 600 பங்கு 28,800 ரூபா, 6 வீதத்துக்கும் குறைவு. ஒரே இரவில் 25 வீதம் விழுந்து 36இல் விற்றாலும் கட்டணத்தோடு 7,760 அளவில் போகும், முதலின் 1.55 வீதம். தாங்கலாம். 47இல் ஸ்டொப் வைத்து 5,000 பங்கு எடுத்தவருக்கு அதே சரிவில் 64,700 போயிருக்கும், 13 வீதம். காகிதத்தில் அவரின் றிஸ்க்கும் 1 வீதம்தான்!

முதல் என்று எதைப் போடுகிறீர்கள் என்பதிலும் கவனம். காலபோக அறுவடைக் காசு மாசி, பங்குனியில் வங்கியில் கிடக்கும்போது அதையும் சேர்த்து எட்டு லட்சம் என்று கணக்கிட்டால் 1 வீதம் 8,000 ஆகிவிடும். புரட்டாதி, ஐப்பசியில் உழவு, விதைநெல், பசளை என்று அதே காசு வெளியே போக வேணும். அந்த நேரம் பங்கு விலை எங்கே நிற்குமென்று ஒருவருக்கும் தெரியாது, விலை கெட்டிருந்தாலும் விற்க வேண்டி வரும். அடுத்த போகத்துக்குத் தேவையான காசு, நகை மீட்கிற காசு, சீட்டுக் கட்டுகிற காசு எல்லாம் கழித்து மிஞ்சுவதுதான் முதல். தரகர் தருகிற கடனையும் கூட்டக் கூடாது. மாதத்துக்கு ஒருக்கா முதலைத் திரும்ப எழுதுங்கோ. 4,60,000 ஆகக் குறைந்திருந்தால் அடுத்த மாதம் 1 வீதம் 4,600. விட்டதைப் பிடிக்கிறன் என்று பழைய 5,000த்திலேயே நிற்கக் கூடாது.

நிறுவனம் தன் பங்கைப் பிரித்தாலும் ஸ்டொப்பை மாற்ற மறக்காதேங்கோ. 2024இல் ஜோன் கீல்ஸ் ஹோல்டிங்ஸ் ஒன்றைப் பத்தாகப் பிரித்தது. அப்படியென்றால் எண்ணிக்கை பத்து மடங்கு, ஸ்டொப் விலை பத்தில் ஒன்று. பங்கிலாபத் தகுதி முடிகிற நாளிலும் விலை பங்கிலாபத்தின் அளவுக்கு இறங்கித் திறக்கும். 2.50 பங்கிலாபமென்றால் 44.50 ஸ்டொப்பை 42.00க்கு இறக்கி வையுங்கோ, இல்லாவிட்டால் ஒன்றும் கெடாமலே வெளியே வந்துவிடுவீர்கள். கைக்கு வருவது 15 வீத வரி கழித்து 2.12 அளவில்.

---

கனகராயன்கரை

எல்லோருக்கும் நன்றி. சார்ட்டைத் திரும்பப் பார்த்தன். 55க்கு மேலே பழைய தடை (முன்பு விலை ஏற முடியாமல் திரும்பின இடம்) 59.00இல்தான் இருக்கு. 58.30 என்பது நடக்கக்கூடிய இலக்கு என்று எடுத்து, 300 பங்கு 48.00இல், அது நடந்து விலை 46க்கு வந்தால் இன்னும் 300, ஸ்டொப் 44.50 என்று எழுதியிருக்கிறன். இரண்டும் போய் ஸ்டொப் அடிபட்டால் 2,115 அளவில் நட்டம். நாளைக் காலை வாங்கினதும் 44.50க்கு விற்கும் ஓடரையும் அப்பில் போட்டு வைக்கிறன், வயலில் நிற்கும்போது சிக்னல் கிடைக்காது.

---

மாங்குளம் சந்தி

நில்லுங்கோ, அந்தக் கடைசி வரியில் பிழை. விலை 48இல் இருக்கும்போது 44.50 என்று சாதாரண லிமிட் விற்பனை ஓடர் போட்டால் அது காத்துக் கிடக்காது. "44.50 அல்லது அதுக்கு மேலே எந்த விலைக்கும் விற்கத் தயார்" என்றுதான் இயந்திரம் எடுக்கும், அந்த நிமிசமே 48க்குக் கிட்ட வரிசையில் நிற்கிற ஆளுக்குப் போய்விடும். 300 பங்கில் இரு பக்கக் கட்டணம் 320 ரூபாவுக்கு மேல் வீணாகும்.

தரகரின் அப்பில் ஸ்டொப் ஓடர் என்று தனியாக ஒரு வகை இருக்கா என்று பாருங்கோ. இருந்தால் இரண்டு விலை கேட்கும்: தூண்டும் விலை 44.50, விற்கும் விலை 43.90 மாதிரிச் சற்றுக் கீழே. இரண்டையும் 44.50 என்றே போட்டால் விலை ஒரு படி தாண்டினதும் ஓடர் நிறைவேறாமல் மேலே தொங்கும். நாள் ஓடரென்றால் 2.30க்குச் சந்தை பூட்டினதோடு அழிந்துவிடும், ஒவ்வொரு காலையும் புதிதாகப் போட வேணும்.

அந்த வகை இல்லையென்றால் 45.00க்கு விலை எச்சரிக்கை வைத்துவிட்டு, தரகரின் ஆலோசகருக்கு எழுத்தில் சொல்லி வையுங்கோ: இந்தப் பங்கு, இத்தனை, 44.50ஐத் தொட்டால் 43.90 வரை விற்கவும் என்று. வாய்ச்சொல் வேண்டாம், குறுஞ்செய்தி அல்லது மின்னஞ்சல். 46இல் இரண்டாவது 300 கிடைத்த அன்றே அந்த எண்ணிக்கையை 600 என்று திருத்தி அனுப்புங்கோ, இல்லாவிட்டால் பாதி மட்டும் விற்றுப்போய் மற்றப் பாதி கையில் கிடக்கும்.